தொப்பூர் வாக்காளர் எந்தப் பக்கம்?

சேலத்துக்கும் தருமபுரிக்கும் நடுவே இருக்கும் தொப்பூர், பெரும்பாலும் கணவாய்ச் சாலையில் லாரி கவிழ்ந்தால்தான் செய்தித்தாளில் இடம்பிடிக்கும். 2023 ஜூலை 24 அன்று மட்டும் வேறு காரணத்துக்காக முதல் பக்கத்துக்கு வந்தது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதல்வர் மு.க. ஸ்டாலின் அங்கேதான் தொடங்கிவைத்தார். அப்போது தொகை மாதம் 1,000 ரூபாய்; அன்றைய நிபந்தனைகள் இவை. வயது 21 நிறைந்திருக்க வேண்டும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. நன்செய் என்றால் 5 ஏக்கர், புன்செய் என்றால் 10 ஏக்கர்தான் உச்சவரம்பு. வீட்டில் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகியிருக்கக் கூடாது. ரேஷன் அட்டை, ஆதார், பேங்க் பாஸ்புக், கரண்டு பில் எல்லாவற்றையும் மஞ்சள் பைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போவது அடுத்த சில வாரங்களுக்குத் தமிழ்நாடு முழுக்கப் பெண்களின் வேலையாக இருந்தது. தருமபுரியைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் இதே மாவட்டத்தில்தான் தொடங்கின.

அரசியல் பாடப்புத்தகப்படி இது இடதுசாரித் திட்டம். வரிப்பணத்தை எடுத்து, வருமானம் குறைந்த வீடுகளுக்கு அரசே நேரடியாகப் பங்கிடுகிறது. அப்படியானால் இதை எதிர்ப்பவர்கள் வலதுசாரிகளாக இருக்க வேண்டும். எதிர்த்தவர்கள் யார்? 2021 தேர்தல் அறிக்கையில் அ.தி.மு.க. இதே போன்ற ஒன்றுக்கு 1,500 ரூபாய் தருவதாகச் சொல்லியிருந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் எதிரணியினர் எழுப்பிய பெரிய புகார், தகுதி நிபந்தனை வைத்து ஏன் இத்தனை பேரை விட்டுவிட்டீர்கள் என்பதுதான். எங்களைத் தேர்ந்தெடுத்தால் இதை நிறுத்திவிடுவோம் என்று சொல்லி தருமபுரியில் ஓட்டுக் கேட்கும் துணிச்சல் எந்தப் பெரிய கட்சிக்கும் வரவில்லை.

அந்தத் தேர்தலில் தருமபுரித் தொகுதியில் 81 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பதிவானது. தமிழ்நாட்டிலேயே அதுதான் அதிகம். தி.மு.க.வின் ஆ. மணி வென்றார், பா.ஜ.க. கூட்டணியில் நின்ற பா.ம.க.வின் சௌமியா அன்புமணி சுமார் 21,300 வாக்குகளில் தோற்றார். வலதுசாரிக் கூட்டணி என்று டெல்லித் தொலைக்காட்சிகள் பெயர் சூட்டிய அணிக்கு இங்கே நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் வாக்களித்தார்கள். அவர்களில் உரிமைத் தொகை வாங்கும் பெண்களும் கணிசமாக இருந்திருப்பார்கள். அவர்கள் இடதா, வலதா?

இடது, வலது என்ற பிரிவினை 1789இல் பிரெஞ்சு தேசிய அவையில் உட்கார்ந்த இடத்தால் வந்தது. சட்டங்களைத் தடுக்கும் அதிகாரம் மன்னருக்கு வேண்டும் என்றவர்கள் அவைத் தலைவரின் வலப்பக்கம் அமர்ந்தார்கள், எதிர்த்தவர்கள் இடப்பக்கம். பிறகு ஆலைகள் வந்தன, தொழிற்சங்கங்கள் வந்தன. மரபா மாற்றமா என்ற பழைய கேள்வியோடு, அரசா சந்தையா என்ற புதிய கேள்வியும் அதே இரண்டு பெஞ்சுகளில் வந்து உட்கார்ந்துகொண்டது. மேற்கு ஐரோப்பாவில் இரண்டும் ஓரளவு சேர்ந்தே நடந்தன. அமெரிக்க அரசியலறிஞர் பிலிப் கான்வர்ஸ் 1964இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்க வாக்காளர்களை வைத்து அந்த எண்ணத்தின் மீது ஒரு குண்டைப் போட்டது: தலைவர்கள் மனத்தில் இருப்பது போன்ற கோவையான சித்தாந்தம் சாதாரண வாக்காளர்களில் மிகச் சிலரிடமே இருந்தது. மற்றவர்கள் ஒரு கேள்வியில் இந்தப் பக்கமும் அடுத்த கேள்வியில் அந்தப் பக்கமுமாக இருந்தார்கள். அவர்கள் வாக்களித்தது எந்தக் குழுவுக்கு எந்தக் கட்சி ஆதரவு என்பதைப் பார்த்து, காலம் நல்லதா கெட்டதா என்பதைப் பார்த்து.

ஆனாலும் மனிதர்களுக்குள் ஏதோ ஒரு சாய்வு இருக்கத்தான் செய்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்பதை உயிரியலும் உளவியலும் இருபது வருடங்களாகத் துருவிக்கொண்டிருக்கின்றன.

2005இல் ஜான் ஆல்ஃபோர்ட், கரோலின் ஃபங்க், ஜான் ஹிப்பிங் ஆகிய மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் இரட்டையர்களின் அரசியல் கருத்துகளை ஒப்பிட்டார்கள். ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையருக்கு மரபணு ஒன்றே. இரு கருமுட்டைகளிலிருந்து பிறந்தவர்கள் சாதாரண அண்ணன் தம்பி போலச் சராசரியாகப் பாதியைத்தான் பகிர்கிறார்கள். இரு வகையினரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்தான். முதல் வகையினரின் கருத்துகள் இரண்டாம் வகையினருடையதைவிட நெருக்கமாக ஒத்துப்போனால், மிச்சத்தை மரபணுக் கணக்கில் எழுதலாம் என்பது வாதம். பள்ளியில் பிரார்த்தனை, சொத்து வரி, மரண தண்டனை என்று 28 கேள்விகள். மக்களுக்கு இடையே தெரியும் கருத்து வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மரபணுவால் விளக்கலாம் என்று கணக்கு வந்தது.

பத்திரிகைகள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு, அரசியல் ரத்தத்திலேயே ஊறியது என்று தலைப்புப் போட்டன. அதே ஆய்வின் இன்னொரு எண்தான் தருமபுரிக்கு முக்கியம். எந்தக் கட்சியைச் சேர்ந்தவர் என்ற கேள்வியில் மரபணுவின் பங்கு ஏழில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. இரட்டையர் இருவருக்கும் பொதுவான வீட்டுச் சூழலின் பங்கு நாற்பது சதவீதமாக உயர்ந்தது. அதாவது கருத்துச் சாய்வில் உடம்புக்கு ஒரு பங்கு இருக்கலாம். அந்தச் சாய்வு எந்தச் சின்னத்தில் போய் நிற்கும் என்பதை வீடு சொல்லிக்கொடுக்கிறது. இந்த முறையிலேயே ஓட்டை இருக்கிறது என்பவர்களும் உண்டு: ஒரே அச்சில் இருக்கும் இரட்டையரை ஊரே ஒரே மாதிரி நடத்துகிறது, ஒரே சட்டை போட்டுவிடுகிறது, அந்த ஒற்றுமையையும் மரபணுக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம் என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான்.

பயத்தைப் பற்றிய கதை இன்னும் சுவாரசியமானது. 2008இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவின் லிங்கன் நகரில் வலுவான அரசியல் கருத்து உள்ள 46 பேருக்குத் திடீர்ச் சத்தத்தையும் அச்சமூட்டும் படங்களையும் கொடுத்து, தோலில் வியர்வை ஊறுவதையும் கண் சிமிட்டலின் வலுவையும் அளந்தார்கள். ராணுவச் செலவு, மரண தண்டனை போன்றவற்றை ஆதரித்தவர்கள் உடம்பளவில் அதிகம் திடுக்கிட்டார்கள் என்று முடிவு. வலதுசாரி என்றால் பயந்தாங்கொள்ளி என்று எதிர்முகாம் கைதட்டிச் சிரித்தது. பிறகு ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த பெர்ட் பேக்கரும் சகாக்களும் பல மடங்கு பெரிய மாதிரியில் அதையே திரும்பச் செய்து பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கட்டுரையைச் ‘சயின்ஸ்’ இதழுக்கே அனுப்பினார்கள். அது பரிசீலனைக்குக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. 2020இல் வேறோர் இதழில் வெளியானது. கைதட்டியவர்களில் எத்தனை பேர் அதைப் படித்தார்களோ!

தமிழ்நாட்டு வாசகருக்கு மிகவும் பயன்படும் ஆய்வு 2014இல் வந்தது. ஏரியல் மால்காவும் உடன் உழைத்தவர்களும் 51 நாடுகளின் கருத்துக் கணிப்புத் தரவைப் புரட்டினார்கள். பாதுகாப்பும் நிச்சயமும் அதிகம் தேவைப்படும் மனநிலை உள்ளவர்கள் எங்கே நிற்கிறார்கள்? குடும்பம், மரபு, திருமணம் போன்றவற்றில் பழமையின் பக்கம். பொருளாதாரத்தில் பல நாடுகளில் அவர்களே அரசின் பக்கம், அதாவது இடப்பக்கம். யோசித்தால் ஆச்சரியமில்லை. மழையை நம்பி மானாவாரி செய்பவருக்கு நிச்சயம் என்பது ரேஷன் அரிசியிலிருந்தும் வருகிறது, சொந்தபந்தத்திலிருந்தும் வருகிறது. இரண்டையும் அவர் விட மாட்டார். பிரெஞ்சு அவைப் பெஞ்சின் இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்கும் இந்த ஆளைத்தான் தொப்பூரிலிருந்து பாலக்கோடு வரை, பென்னாகரத்திலிருந்து அரூர் வரை பார்க்க முடிகிறது.

இளமையில் பதிவது என்ற காரணத்துக்கு வருவோம். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தின் பென்னிங்டன் பெண்கள் கல்லூரியில் 1930களில் தியோடர் நியூகாம் நடத்திய ஆய்வு இதில் முன்னோடி. வசதியான, பழமைவாதக் குடும்பத்துப் பெண்கள். ஆசிரியர்களோ பெரும்பாலும் ரூஸ்வெல்ட்டின் ஆதரவாளர்கள். 1936 குடியரசுத் தலைவர் தேர்தலின்போது முதலாண்டு மாணவியரில் 62 சதவீதம் பேர் வலதுசாரி வேட்பாளர் லாண்டனை ஆதரித்தார்கள். மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவியரில் அது 15 சதவீதம்தான். அதைவிட முக்கியமானது, கால் நூற்றாண்டுக்குப் பிறகு நியூகாம் அதே பெண்களைத் தேடிப் போனபோது பெரும்பாலோர் கல்லூரியை விட்டுப் போனபோது இருந்த இடத்திலேயே நின்றார்கள். பதினெட்டு வயதை ஒட்டிய சில வருடங்களில் விழும் அச்சு எளிதில் அழிவதில்லை என்று அதன் பின் வந்த ஆய்வுகளும் சொல்கின்றன.

இந்தக் கண்ணோட்டத்தில் வடதமிழ்நாட்டின் காலக்கோட்டைப் பார்த்தால் ஒரு பொருத்தம் பளிச்சென்று தெரியும். 1987 செப்டம்பரில் தனி இடஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் நடத்திய ஒரு வாரச் சாலை மறியலில் 21 பேர் உயிரிழந்தார்கள். 1989 மார்ச்சில் 61ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. அதே ஆண்டு கருணாநிதி அரசு மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத ஒதுக்கீட்டைக் கொண்டுவந்தது. ஜூலை 16 அன்று அந்தச் சங்கத்திலிருந்து பா.ம.க. பிறந்தது. நவம்பரில் மக்களவைத் தேர்தல். மறியலைப் பதினாறு, பதினேழு வயதில் பார்த்த ஒரு தலைமுறைக்கு முதல் வாக்கும், அந்தக் கட்சிக்கு முதல் தேர்தலும் ஒரே நாளில் வந்தன. அந்தத் தலைமுறைக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 2014இல் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 37ஐ ஜெயலலிதா வாரிக்கொண்டபோது பா.ஜ.க. அணிக்குக் கிடைத்தவை இரண்டுதான். ஒன்று கன்னியாகுமரி. இன்னொன்று தருமபுரி, பா.ம.க.வின் அன்புமணி 77,000 வாக்குகளுக்கு மேல் வித்தியாசத்தில் வென்றார். அதை மோடி அலை என்று எழுதிய ஆய்வாளர்கள் 1987ஐக் கொஞ்சம் புரட்டியிருக்கலாம்.

அந்தக் கட்சியைத்தான் எந்தப் பக்கம் வைப்பது? தொடக்கத்திலிருந்தே அதன் மேடைகளில் மார்க்ஸ், பெரியார், அம்பேத்கர் மூவரின் படங்களும் இருந்தன. 1998இல் பா.ஜ.க. இருந்த அணியில் நின்றது. 2004இல் காங்கிரஸ், தி.மு.க., இரு கம்யூனிஸ்ட் கட்சிகளோடு ஒரே அணி, 2009இல் அ.தி.மு.க. தலைமையில் மறுபடியும் இடதுசாரிகளோடு; 2014, 2019, 2024 மூன்றிலும் பா.ஜ.க.வோடு. தொண்டர்களின் மனசாட்சி ஐந்தாண்டுக்கு ஒருமுறை பெஞ்சு மாறியது என்றா சொல்வது? அவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள், கூட்டணிதான் நகர்ந்தது.

சொந்த நலன் என்ற காரணியையும் விட்டுவிட முடியாது. அதற்கு அருமையான சான்று அர்ஜென்டினாவிலிருந்து கிடைத்தது. பியூனஸ் அயர்ஸ் புறநகரில் 1981இல் ஏழைக் குடும்பங்கள் காலி நிலத்தில் குடியேறின. அரசு அந்த நிலங்களைக் கையகப்படுத்திக் குடியேறியவர்களுக்கே தரச் சட்டம் போட்டது. சில நில உரிமையாளர்கள் இழப்பீட்டை வாங்கிக்கொண்டார்கள், சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். விளைவாக அக்கம்பக்கத்து வீடுகளில் ஒருவர் கையில் பட்டா, இன்னொருவர் கையில் ஒன்றுமில்லை. யாருக்குக் கிடைத்தது என்பது குடியிருந்தவர்கள் கையில் இல்லாத விஷயம். டி டெல்லா, கலியானி, ஷார்குரோட்ஸ்கி ஆகிய மூவரும் பல வருடம் கழித்துப் போய்க் கேட்டார்கள். உழைத்தால் தனியாளாக முன்னேறலாம், பணம் முக்கியம் என்பன போன்ற சந்தைச் சார்பான நம்பிக்கைகள் பட்டா கிடைத்தவர்களிடம் கூடுதலாக இருந்தன. 2007இல் வெளியான இந்த ஆய்வைப் பட்டா வழங்கும் விழாவுக்குப் போகிற எம்.எல்.ஏ. ஒவ்வொருவரும் படிக்கலாம், நன்றி வாக்காக வரும் என்று எண்ணிக் கொடுக்கும் காகிதம், வாங்கியவரின் மனத்தை வேறு திசையில் திருப்பவும் கூடும்.

மரபணு, வீடு, இளமை, பட்டா. இவ்வளவும் சேர்ந்தும் ஒரு கட்சிக்கு வாக்கு விழுந்துவிடாது. நடுவில் ஓர் அமைப்பு வேண்டும். தருமபுரி மாவட்டத்தில் இதை இரண்டு ஊர்கள் நேர் எதிராகக் காட்டுகின்றன.

ஒன்று வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல் துறை, வருவாய்த் துறையினர் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். அரசு என்பதே அந்த ஊருக்குச் சீருடையில் வந்த கொடுமை. வலதுசாரிக் கோட்பாட்டாளர் ஒருவர் அங்கே வந்து, அரசின் அதிகாரத்தைக் குறைக்க வேண்டும் என்று பேசியிருந்தால் கேட்பதற்கு ஆள் கிடைத்திருக்கும். வந்தவர்கள் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும். அந்தக் கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்த ஏ. நல்லசிவன் வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதுவரை உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. செங்கொடிக்கு அந்த மலையடிவாரத்தில் கிடைத்த மரியாதைக்கு மூலதனப் புத்தகம் காரணமில்லை. பத்தொன்பது வருடம் கோர்ட்டுக்கு அலைந்தது காரணம்.

மற்றது நாயக்கன்கொட்டாய். நக்சல்பாரி இயக்கத் தோழர்கள் அப்பு, பாலன் ஆகியோரின் நினைவிடம் அங்கே இருக்கிறது. 1970களின் இறுதியில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அந்த இயக்கம் வேர் விட்டிருந்தது. சாதி கடந்து இளைஞர்கள் அதில் சேர்ந்தார்கள். 1980இல் போலீஸ் நடவடிக்கை அமைப்பை நசுக்கியது. அதன் பிறகு அந்த மண்ணில் உழைத்து வளர்ந்தவை சாதி அடிப்படையிலான அமைப்புகள். 2012 நவம்பர் 7 அன்று, ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து, அதே சுற்றுவட்டாரத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகள் தீ வைத்துச் சூறையாடப்பட்டன. சேதமான வீடுகள் 250க்கும் மேல். முப்பது வருடத்தில் மக்களின் மரபணு மாறியிருக்காது. பயந்த சுபாவமும் துணிந்த சுபாவமும் அன்று இருந்த விகிதத்தில்தான் இன்றும் இருக்கும். மாறியது, அந்த மனங்களிடம் மாலை நேரத்தில் வந்து பேசுகிற அமைப்பு எது என்பது.

பிரதீப் சிப்பரும் ராகுல் வர்மாவும் 2018இல் எழுதிய நூல், இந்தியாவில் சித்தாந்தமே கிடையாது, சாதியும் பணமும்தான் என்று சொல்பவர்களோடு சண்டை போடுகிறது. லோக்நிதி அமைப்பின் தேர்தல் ஆய்வுத் தரவுகளை வைத்து அவர்கள் சொல்வது: இங்கே சித்தாந்தம் உண்டு, ஆனால் ஐரோப்பிய அளவுகோலில் அது தெரியாது. இந்தியர்கள் இரண்டு கேள்விகளில் பிரிகிறார்கள். அரசு சமூக வழக்கங்களில் தலையிட்டு அவற்றை மாற்றலாமா என்பது ஒன்று. பின்தங்கிய, சிறுபான்மைக் குழுக்களை அடையாளம் கண்டு அவற்றுக்கென்று தனி இடம் ஒதுக்கலாமா என்பது மற்றது.

தருமபுரியில் இந்த இரண்டாம் கேள்விக்குப் பொதுவான பதில் ‘ஒதுக்க வேண்டும்’ என்பதே. 69 சதவீத ஒதுக்கீட்டை எந்தப் பெரிய கட்சியும் எதிர்க்கவில்லை. சண்டை அதற்கு உள்ளே, பங்கில் நடக்கிறது. வன்னியர்களுக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீடு தரும் சட்டத்தை அ.தி.மு.க. அரசு 2021 பிப்ரவரி 26 அன்று, தேர்தல் தேதி அறிவிப்பு வந்த அதே நாளில் நிறைவேற்றியது. அடுத்து வந்த தி.மு.க. அரசு அதை நடைமுறைப்படுத்தியது, நீதிமன்றத்தில் தாங்கியும் பேசியது. உயர் நீதிமன்றம் அந்த நவம்பரிலும் உச்ச நீதிமன்றம் 2022 மார்ச்சிலும் செல்லாது என்றன. தண்ணீர் விஷயமும் அப்படித்தான். புளோரைடு கலந்த கிணற்று நீரால் பல்லில் கறையும் எலும்பில் வலியுமாக வாழ்ந்த மாவட்டத்துக்கு, ஜப்பானியக் கடனில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008இல் கருணாநிதி அடிக்கல் நாட்டினார், 2013இல் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். காவிரி உபரிநீரை ஏரிகளில் நிரப்பு என்று 2022இல் அன்புமணி நடைபயணம் போனார். தண்ணீர் கொடுப்பதைத் தனியாரிடம் விட்டுவிடு என்று கேட்டு நடந்தவர் எவரும் இல்லை.

ஆகவே வெற்றி தோல்விகளை வைத்து இந்த மக்களை இடமும் வலமுமாக எண்ணினால் தலை சுற்றும். பென்னாகரம் தொகுதியில் 2010 இடைத்தேர்தலில் தி.மு.க., 2011இல் இந்திய கம்யூனிஸ்ட், 2016இல் மீண்டும் தி.மு.க., 2021இல் பா.ம.க. என்று வெற்றி மாறியது. 2011இல் கம்யூனிஸ்ட் ஜெயித்தது அ.தி.மு.க. அணியில், 2021இல் பா.ம.க. ஜெயித்ததும் அதே அ.தி.மு.க. அணியில். அரூரில் மார்க்சிஸ்ட் கட்சியின் பி. டில்லிபாபு 2006இல் தி.மு.க. அணியில் வென்றார், 2011இல் அ.தி.மு.க. அணியில் வென்றார். 2016இல் இரு பெரிய கட்சிகளையும் விட்டு மக்கள் நலக் கூட்டணி கண்ட இடதுசாரிகளுக்கு மாநிலம் முழுக்க ஓரிடமும் கிடைக்கவில்லை. 2021இல் தி.மு.க. அணியில் இருந்தும் அரூர் கை நழுவியது. மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளும் அ.தி.மு.க.–பா.ம.க. அணிக்குப் போயின.

2023 செப்டம்பர் 29 அன்று வாச்சாத்தி மேல்முறையீட்டில் தண்டனைகளை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, வழக்குக்காக முப்பது வருடம் உடன் நின்றவர்கள் செங்கொடிக்காரர்கள். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி இரண்டுக்கும் அப்போது சட்டமன்ற உறுப்பினர்கள் அ.தி.மு.க.வினர். மக்களவை உறுப்பினர் தி.மு.க.